ஓர் ஆணியளவு இரும்பு

அவருடைய முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கட்டைவிரலைத்தான் பார்த்தேன். எம்.ரெட்டியபட்டியில் எங்கள் பலசரக்குக் கடைக்கு முதல்முறையாக வந்தவர், "அரைக்கிலோ கருப்பட்டி" என்று கேட்டபடியே தராசுக்கு மேலாகக் கையை நீட்டி என் கண்ணின் கீழ் இமையை இழுத்துவிட்டார். நான் கத்தவில்லை. கத்த வாயெடுப்பதற்குள் அடுத்த கண்ணையும் பார்த்து முடித்திருந்தார்.

"வெள்ளைத்தாள் மாதிரி இருக்கு. எத்தனை மாசம்?" என்றார்.

அதுவரை நான் வீட்டில்கூட வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை. பின்னால் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த என் கணவர் கையிலிருந்த மிளகாய்வத்தல் சாக்கைக் கீழே போட்டார். என் மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருக்கு என்ன மாசம்?" என்றார். எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை பிறக்கப் போகிற செய்தி இப்படி, கருப்பட்டி நிறுத்துக்கொண்டிருக்கும்போது, ஊருக்குப் புதிதாக வந்த நர்ஸின் வாயால் வெளியே வந்தது. மிளகாய் நெடியில் நாலு பேரும் தும்மினோம். தும்மலுக்கு நடுவே அவர் சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது.

அவருக்குப் பெயர் இருந்தது. யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சின்னப் பிள்ளையிலிருந்து பஞ்சாயத்துத் தலைவர் வரை எல்லோருக்கும் அவர் நர்ஸம்மா. திருச்செந்தூருக்கும் தெற்கே ஏதோ கடற்கரை ஊர்க்காரர். நல்ல உயரம், அகன்ற தோள். வெள்ளைச் சேலை, தோளில் ரெக்ஸின் பை, மழையே பெய்யாத எங்கள் ஊரில் எப்போதும் கக்கத்தில் ஒரு குடை. நாய்க்காகவோ வெயிலுக்காகவோ வைத்திருக்கிறார் என்று நினைத்தோம். அந்தக் குடையின் வளைந்த கைப்பிடி, ஓடுகிறவர்களின் கையை எட்டிப் பிடித்து நிறுத்துவதற்காக என்று பிறகுதான் தெரிந்தது.

ஏனென்றால் அவருக்கு ஒரு பழக்கம். கண்ணில் பட்டவர்களின் கண்ணை அவர் பார்த்தே ஆக வேண்டும். கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்து, உள்ளே சிவப்பா வெளுப்பா என்று பார்ப்பார். பஸ்ஸில் டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரின் கண்ணைப் பார்த்திருக்கிறார். கோயிலில் திருநீறு கொடுத்த பூசாரியின் கண்ணை, தட்டு கையில் இருக்கும்போதே பார்த்திருக்கிறார். சிவந்திருந்தால் முதுகில் ஒரு தட்டு. வெளுத்திருந்தால், "உமக்கு இரும்பு பத்தாது ஓய்" என்று ஊர் கேட்கச் சொல்லிவிடுவார். அதில் சிறியவர் பெரியவர் கிடையாது.

இதனால் ஒரு கல்யாணமே நிற்கப் பார்த்தது.

எங்கள் ஊர்ப் பெண்ணுக்குப் பந்தல்குடிப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை. மேளம் முழங்கிக்கொண்டிருக்கிறது. மணமேடையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்கு லேசாகக் கண் சொருகியது. புகை என்று எல்லோரும் நினைத்தோம். நர்ஸம்மா பந்தியிலிருந்து எழுந்து வந்தார். சாப்பிட்ட கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, இடது கையால் மாப்பிள்ளையின் இமையை இழுத்தார்.

"சுத்தமா வெளுத்திருக்கு. இந்தத் தம்பிக்கு ரத்தமே இல்லையே."

மேளக்காரர்கள் அந்த நேரம் பார்த்துத்தான் நிறுத்தினார்கள். அந்த வாக்கியம் பந்தல் முழுக்கக் கேட்டது. பெண்ணின் தகப்பனார் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "என்னது, சீக்காளிக்கா எம்புள்ளையக் குடுக்கப் பாத்தீக?" மாப்பிள்ளையின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டினார். "யாரைப் பாத்துச் சீக்காளிங்கிறீரு?" அதற்குள் பெண்களில் சிலர் அழவே ஆரம்பித்துவிட்டார்கள்.

நர்ஸம்மா பதறவில்லை. நேராகப் போய்ப் பெண்ணின் தகப்பனாருடைய இமையை இழுத்தார். "நீங்க மாப்பிள்ளையை விட வெளுப்பு." அடுத்து தாய்மாமன். "ஐயா, நீங்க இவ்வளவு கோவப்பட்டா விழுந்திருவீக. உக்காருங்க." பெண், பெண்ணின் தாய், மாப்பிள்ளைத் தோழன், பந்தி பரிமாறியவர் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். தவில்காரர் ஒருவரைத் தவிர அந்தப் பந்தலில் சிவந்த கண்ணே இல்லை.

"இப்பச் சொல்லுங்க. யாரு யாரை வேண்டாம்னு சொல்றது?" என்றார். "நான் கல்யாணத்தை நிறுத்தச் சொல்லலை. செருப்புப் போட்டு நடக்கச் சொல்லுதேன். வெறுங்காலோட ஈர மண்ணுல நடந்தா புழு ஏறுது. அது வயித்துல இருந்து குடிச்சுட்டுக் கிடக்கு. மருந்து குடுத்தா இறங்கிரும். தாலியைக் கட்டச் சொல்லுங்க, எனக்குப் பாயசம் வரலை."

முதலில் சிரித்தது தவில்காரர். பிறகு பெண்ணே சிரித்துவிட்டாள். சிரிப்போடு சிரிப்பாகத் தாலி கட்டியாயிற்று. மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கு மாமனார் வாங்கிக் கொடுத்த முதல் சீர் ஒரு ஜோடி டயர் செருப்பு.

அந்த மாதங்களில் எனக்கு ஓர் இரகசியம் இருந்தது. கடையில் சிலேட்டுக் குச்சி டப்பா தானாகக் குறைந்துகொண்டே வந்தது. என் கணவர் எலி என்று முடிவுகட்டி, டப்பாவுக்குப் பக்கத்தில் கருவாட்டுத் துண்டு மாட்டிப் பொறி வைத்தார். எலி கருவாட்டைத் தொடாமல் குச்சியை மட்டும் தின்பதைப் பற்றி வருகிறவர்களிடமெல்லாம் ஆச்சரியமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நர்ஸம்மாவிடமும் சொன்னார். அவர் என்னைப் பார்த்தார். நான் முந்தானையால் வாயைத் துடைத்தேன். அது போதுமானதாக இருந்தது அவருக்கு.

சிரிப்பு அவருக்கு வயிற்றிலிருந்து கிளம்பும். கிளம்பினால் நிற்க முடியாது, உட்கார்ந்துவிடுவார். அன்றைக்குப் பருத்திக்கொட்டை மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். என் கணவருக்கு ஒன்றும் புரியவில்லை. எலிக்காக இவ்வளவு சிரிக்கிறாரே என்று அவரும் மரியாதைக்குச் சிரித்தார்.

சாமான் வாங்கும் சாக்கில் என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார். திட்டுவார் என்று பயந்தேன்.

"ருசியா இருக்குமே," என்றார். "மழைத்தண்ணி விழுந்த மண்ணு மாதிரி ஒரு வாசம். நாக்கு ஊறும். இல்லையா?"

நான் தலையாட்டினேன். அதை அப்படிச் சரியாகச் சொல்ல முடியும் என்றே எனக்குத் தெரியாது.

"இந்த ஊர்ல ஒருத்தி அடுப்புச் சாம்பல் தின்னுதா. ஒருத்தி செங்கல். ஒருத்தி பச்சரிசி. யாருன்னு கேக்காதே. எல்லாரும் தனக்கு மட்டுந்தான் கிறுக்குன்னு நினைச்சுட்டு அலையுதாக. கிறுக்கில்லை ஏட்டி. உடம்புக்கு இரும்பு வேணும். எங்க கிடைக்கும்னு அதுக்குத் தெரியலை. கண்டதையும் கடிச்சுப் பாக்குது."

அப்போதே முருங்கைக்கீரை, கேப்பைக்கூழ், எள்ளுருண்டை என்று தினசரிச் சாப்பாட்டை மாற்றிவிட்டுப் போனார். அலுமினியச் சட்டி நாகரிகமாக இருந்த காலம். பரணில் கவிழ்த்திருந்த பழைய இரும்புச் சட்டியை அவரே ஏறி எடுத்து, துருவைத் தேய்த்து, என் மாமியார் முன்னால் வைத்தார். "அக்கா, இனிமே வதக்குறதெல்லாம் இதுல." என் மாமியாருக்கு அவரை அன்றிலிருந்தே பிடிக்காமல் போயிற்று. தன் அடுப்படிக்குள் இன்னொருத்தி சட்டியை மாற்றினால் எவளுக்குத்தான் பிடிக்கும்.

என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயதுகூட இருக்காது. எலும்பும் நரம்புமாக இருப்பார். கடை, வீடு, மாடு மூன்றையும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்தவர். குனிந்து நிமிர்ந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். "என்னத்தே?" என்றால், "ஒண்ணுமில்ல, சுவரு நிக்கிதான்னு பாத்தேன்" என்பார். நர்ஸம்மாவிடம் ஒருநாளும் கண்ணைக் காட்டியதில்லை. அவர் வருகிற சத்தம் கேட்டாலே இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, மூடியபடியே பேசுவார்.

மாதம் ஒருமுறை கர்ப்பிணிப் பெண்கள் எட்டுப் பத்துப்பேரை நர்ஸம்மா திருச்சுழி ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போவார். எங்களுக்கு அது திருவிழா மாதிரி. மாமியார் இல்லை, மாடு இல்லை. டாக்டர் பார்த்து முடித்ததும் குண்டாற்றில் இறங்கி, தண்ணீரில்லாத மணலில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடுவோம்.

ஒரு தடவை சாப்பிட்டு முடித்ததும், பைக்குள்ளிருந்து துணியில் சுற்றிய ஒரு கனமான வட்டத்தை எடுத்தார். வாய் கிழிந்துபோன ஒலிபெருக்கியிலிருந்து ரேடியோ செட்டுக்காரர் கழற்றிக் கொடுத்த காந்தம். அதை மணலில் உழுவது மாதிரி இழுத்துக்கொண்டு போனார். தூக்கியபோது அதற்குக் கறுப்பாகத் தாடி முளைத்திருந்தது. நாங்கள் வாய் பிளந்தோம். ஆளுக்கொரு தடவை வாங்கி இழுத்தோம். நிறைமாதக்காரி ஒருத்தி முழங்காலில் நின்று ஆற்றையே உழுதாள்.

"மணலுக்குள்ள எப்படி இரும்பு வந்துச்சு?" என்று கேட்டேன்.

"மலை கரைஞ்சு வந்தது."

"மலைக்கு?"

"பூமி உருவாகும்போதே வந்தது."

"பூமிக்கு எங்கருந்து?"

அதற்குத்தான் காத்திருந்தவர்போல மேலே கையைக் காட்டினார். "நட்சத்திரத்துல இருந்து."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. மதுரையில் அவர் பயிற்சியில் இருந்தபோது, கால் ஒடிந்து படுத்திருந்த ஒரு கல்லூரி வாத்தியார் சொன்னாராம். பெரிய பெரிய நட்சத்திரங்கள் தங்கள் வயிற்றுக்குள் லேசான சரக்கைப் போட்டு எரித்துக் கனமான சரக்காக மாற்றிக்கொண்டே இருக்கும். மாற்றி மாற்றி, கடைசியில் நடுவயிற்றில் இரும்பு சேர்ந்துவிடும். இரும்பை எரித்து அதற்கு மேல் சூடு வாங்க முடியாது. அடுப்பு அணைந்த மாதிரி ஆகிவிடும். அப்போது நட்சத்திரம் தன் கனம் தாங்காமல் உள்வாங்கி, ஒரே வெடியாக வெடித்துச் சிதறும். அந்தச் சிதறல்தான் வேறொரு காலத்தில் ஒன்று சேர்ந்து பூமியாயிற்று, மலையாயிற்று, ஆற்று மணலாயிற்று.

"நம்ம செவக்காடு ஏன் சிவந்திருக்கு? அதுவும் இதுதான். மண்ணுல இருக்க இரும்பு காத்துப்பட்டுத் துருப்பிடிச்சுக் கிடக்கு. ரத்தம் சிவந்திருக்கதும் இதாலதான். இழுக்கிற மூச்சை உடம்பு பூராவும் சுமந்துட்டுப் போறது இந்த இரும்புதான். அது இல்லைன்னா மூச்சு விட்டும் பிரயோசனம் இல்லை."

"அப்ப நம்ம உடம்புல எம்புட்டு இரும்பு இருக்கும்?" என்று உழுதுகொண்டிருந்தவள் கேட்டாள்.

"எல்லாத்தையும் சேத்து எடுத்தா ஒரு ஆணி அடிக்கலாம். சின்ன ஆணி."

"எங்க வீட்டுக்காரரு அம்புட்டு சத்தம் போடுறாரே, அவருக்குமா ஒரு ஆணி?"

"அவருக்கும் ஒண்ணுதான்."

அவ்வளவுதான். ஆற்றுமணலில் உருண்டு உருண்டு சிரித்தோம். அவரவர் புருஷனைச் சுவரில் ஆணியாக அடித்து, அதில் என்னத்தை மாட்டலாம் என்று ஆளாளுக்குச் சொல்ல, சிரிப்பில் ஒருத்திக்கு வலி எடுத்துவிட்டதோ என்று பயந்துபோனோம். கரையில் மாடு மேய்த்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அந்தச் சிரிப்பு ஓய்ந்தபோது, எங்களில் ஆக இளையவள் ஒருத்தி கேட்டாள். "அப்ப நட்சத்திரமும் வயித்துல சுமந்துதான் சாகுதா?"

நர்ஸம்மா காந்தத்திலிருந்த கறுப்புத் தாடியைக் கையால் வழித்துக்கொண்டிருந்தார். "எங்கக்கா அப்படித்தான் போனா," என்றார். "பிள்ளை பெத்தா. கொஞ்சமாத்தான் போச்சு ரத்தம். வேற பொம்பளைன்னா எந்திரிச்சு உக்காந்திருப்பா. இவகிட்ட போறதுக்கு மிச்சமே இல்லை. அதுக்கு முந்தி எத்தனையோ மாசம் தலை சுத்துது சுத்துதுன்னு சொன்னா. பொம்பளைன்னா சுத்தத்தான் செய்யும்னு சொன்னோம். ஒருத்தர்கூட அவ கண்ணை இழுத்துப் பாக்கலை."

பிறகு எழுந்து மணலைத் தட்டிவிட்டு, "பஸ்ஸு வந்திரும், வாங்கட்டி" என்று முன்னால் நடந்தார். பஸ்ஸில் ஏறிய உடனே புதுக் கண்டக்டரின் கண்ணைப் பார்த்தார்.

அதற்கப்புறம்தான் மாத்திரை வந்தது. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கச் சொல்லி அரசாங்கம் அனுப்பிய இரும்புச்சத்து மாத்திரை. நர்ஸம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீடுவீடாகக் கொண்டுபோய்க் கையில் வைத்து அழுத்தினார். ஒரே வாரத்தில் ஊர் கலங்கிப் போயிற்று. விடியற்காலையில் காட்டுப்பக்கம் போய்த் திரும்பிய பெண்களெல்லாம் ஒருவரையொருவர் பார்த்து விழித்தார்கள். தார் மாதிரி, கரி மாதிரி கறுப்பாகப் போகிறது. குடல் கருகிவிட்டது என்றார்கள். பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்றார்கள். கட்டுக்கட்டாக மாத்திரை கிணற்றுக்குப் போயிற்று.

ஊர்மடத்தில் கூட்டம் போட்டார்கள். நர்ஸம்மா எல்லோருக்கும் நடுவில் நின்று ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். "உடம்புக்கு வேண்டியது உள்ள நிக்கும். மிச்சம் கறுப்பா வெளிய போகும். நாளைக்கு எனக்கும் அப்படித்தான் போகும். சந்தேகம் இருக்கவுக கூட வந்து பாத்துக்கிடலாம்," என்றார். ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பெண்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள்.

என் மாமியார் மட்டும் அசையவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் தலையணைக்கடியில் இருந்த பொட்டலத்தை எடுத்துக்கொண்டார். "எம்பேரப்பிள்ளையக் கரிக்கட்டையாப் பெக்கப் பாக்குறியா? ஒரு மாத்திரை வாயில போட்டே, தெரியும் சேதி. பூராத்தையும் கெணத்துல போடுறேன்."

நான் நர்ஸம்மாவிடம் போய் நின்றேன். அன்றிலிருந்து எங்கள் கடைக்கு அவர் தினமும் வரத் தொடங்கினார். சாமான் வாங்க நீட்டுகிற பைக்குள் ஒரு மாத்திரை இருக்கும். நான் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பைக்குள் உப்போ பருப்போ போட்டுக் கொடுப்பேன். தேவையில்லாமல் வாங்கி வாங்கி அவர் வீட்டில் உப்பு மட்டும் ஒரு பானை சேர்ந்துவிட்டது. மாமியார் எதிரிலேயே இது நடக்கும். அவர்தான் கண்ணை மூடிக்கொண்டிருப்பாரே.

ஒரு நாள் காலை, வெயில் ஏறுவதற்குள் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸம்மாதான் கையில் வாங்கினார். நல்ல மாநிறம். மாமியாரிடம் குழந்தையை நீட்டி, "கரிக்கட்டையைப் பிடிங்கக்கா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு முடியவில்லை, பாதியில் நின்றது. அவர் என் காலுக்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வலியில்லை. ஏதோ வெதுவெதுப்பாக ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். உத்திரம் மெல்லச் சுற்றத் தொடங்கியது. காதுக்குள் வண்டு. நர்ஸம்மா என் அடிவயிற்றில் கையை முஷ்டியாக வைத்து அழுத்தினார். ஊசி போட்டார். திரும்ப அழுத்தினார். என் கணவரைப் பார்த்து, "ரோட்டுக்குப் போங்க. எது வந்தாலும் நிறுத்துங்க" என்றார்.

வந்தது பருத்திப் பொதி ஏற்றிய லாரி. என் கணவர் கைகாட்டியும் நிற்காமல் போகப் பார்த்ததாம். நர்ஸம்மா வாசலிலிருந்து ஓடிவந்து முழங்கை வரை ரத்தமான கையோடு நடுரோட்டில் நின்றிருக்கிறார். டிரைவர் இறங்கிவந்து ஒன்றும் கேட்காமல் பின்தட்டியைத் திறந்துவிட்டார். பொதிகளுக்கு நடுவே என்னைக் கிடத்தினார்கள். மாமியார் குழந்தையோடு டிரைவர் பக்கத்தில். என் கணவர் பின்னால் தொற்றிக்கொண்டார்.

மதுரை வரைக்கும் நர்ஸம்மா முழங்கால் போட்டு என் வயிற்றை அழுத்தியபடியே வந்தார். எனக்குத் தூக்கமாக வந்தது. அவ்வளவு இதமான தூக்கம்.

"தூங்கக் கூடாது. உங்க கடையில என்னென்ன இருக்கு, மேல்தட்டுல இருந்து சொல்லு."

"தூக்கம் வருது நர்ஸம்மா."

"மேல்தட்டு. சொல்லு."

"மல்லி. சீரகம். வெந்தயம்."

"அதுக்குப் பக்கத்துல?"

"சுக்கு. ஓமம். பெருங்காயம்... சாம்பிராணி."

"நடுத்தட்டு?"

"தீப்பெட்டி. சோப்பு. ஊதுபத்தி." எனக்கு நாக்கு குழறியது. "சிலேட்டுக் குச்சி..."

"இருக்கா அது இன்னும்?"

"எலி... கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. உதடுதான் அசைந்திருக்கும். அவருக்கும் வந்துவிட்டது. கண்ணில் நீர் ஓட, என் வயிற்றிலிருந்து கையை எடுக்காமல், உட்காரவும் முடியாமல் அவர் சிரித்தார். பக்கத்திலிருந்த என் கணவர், சாகப்போகிற பெண்டாட்டியும் நர்ஸும் சேர்ந்து சிரிப்பதைப் பார்த்து ஓவென்று அழுதுவிட்டார்.

இதற்கு மேல் எனக்கு நினைவில்லை. மீதியை நர்ஸம்மாதான் பிற்பாடு, ஒவ்வொருவர் மாதிரியும் நடித்துக் காட்டி, எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்ற வேண்டும், கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். என் கணவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வீரமாகப் போனார். பரிசோதனைக்கு விரல் நுனியில் குத்தினார்கள். குத்தியவர் பஞ்சை எடுத்துத் திரும்புவதற்குள் ஆள் தரையில் கிடந்தார். அவருடைய வகையும் சேரவில்லை. லாரி டிரைவரும் விரலை நீட்டினார். அதுவும் சேரவில்லை. நர்ஸம்மாவுடையதும் சேரவில்லை.

அப்போது என் மாமியார், மயங்கிக் கிடந்த மகனைத் தாண்டிவந்து, குழந்தையை டிரைவர் கையில் கொடுத்துவிட்டு, "எனக்கு எடுங்க" என்றார்.

"அக்கா, உங்க உடம்புல எங்க இருக்கு? நிக்கிறதுக்கே சுவரு வேணும் உங்களுக்கு."

"எடுத்துப் பாருங்கன்னுதானே சொல்றேன்."

வகை சேர்ந்தது. ஆனாலும் நர்ஸம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. "முதல்ல கண்ணைக் காட்டுங்க" என்றார். அத்தனை மாதமாக மூடியே வைத்திருந்த கண்ணை என் மாமியார் அன்றைக்குத்தான் திறந்து காட்டினார். நர்ஸம்மா இமையை இழுத்தார். உள்ளே கோவைப்பழமாகச் சிவந்திருந்தது.

"அக்கா, இது எங்கருந்து வந்துச்சு?"

மாமியார் சுவரைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "எல்லாம் நீங்க குடுத்ததுதான்," என்றார். "கெணத்துல போடத்தான் எடுத்துட்டுப் போனேன். சர்க்காரு காசு, வீணாப் போகுதேன்னு ஒண்ணை வாயில போட்டுப் பாத்தேன். ரெண்டு வாரத்துல மாடிப்படி ஏறுறேன், மூச்சு வாங்கலை. அப்பறம் மத்தவளுக கெணத்துல போடப் போறப்பவும் நான்தான் வாங்கிட்டு வந்தேன்."

"அத்தனையுமா?"

"பொறவு? கெணத்துக்கா ரத்தம் ஊறணும்?"

நர்ஸம்மா அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். சிரித்தாராம், அழுதாராம், எது எப்போது என்று அவருக்கே தெரியவில்லை. வந்த டாக்டர், "இங்கே யாருக்கு என்ன?" என்று கேட்டார். என் மாமியார் கையை நீட்டிக்கொண்டு, "இவுக இப்படித்தான் டாக்டரு. நீங்க எடுங்க" என்றிருக்கிறார்.

நான் கண்விழித்தபோது என் பக்கத்துக் கட்டிலில் மாமியார் கால்நீட்டி உட்கார்ந்து பன்ரொட்டி தின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்தார்களாம். நான் விழித்ததைப் பார்த்ததும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியாமத் திருட்டுத்தனமா மாத்திரை முழுங்கியிருக்கே. நர்ஸம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாக," என்றார். பிறகு பாதி ரொட்டியைப் பிய்த்து என்னிடம் நீட்டினார். "அது உள்ள கெடந்ததாலதான் மதுரை வரைக்கும் தாங்குனியாம்."

ஊருக்குத் திரும்பிய பிறகு நர்ஸம்மாவுக்கு எங்கள் தெருவில் வேலையே இல்லாமல் போயிற்று. கடைக்கு வருகிறவர்களை மாமியார் கண்ணைப் பார்க்காமல் விடுவதில்லை. கீரை வாங்கினால்தான் மிட்டாய் என்று சின்னப் பிள்ளைகளிடம் சண்டை போட்டார். இரண்டுபேரும் இணைபிரியாத கூட்டாளிகள் ஆனார்கள். சாயங்காலமானால் மூலையில் உட்கார்ந்து யார் வீட்டில் யாருக்கு வெளுத்திருக்கிறது என்று ரகசியம் பேசுவார்கள். ஊர்ப் புரணி பேசுகிறவர்களைப்போலவே இருக்கும்.

என் மகள் நடை பழகிய பங்குனியில், அருப்புக்கோட்டைத் திருவிழாவுக்கு எல்லோரும் போனோம். பொட்டலில் பெரிய ராட்டினம் போட்டிருந்தார்கள். நர்ஸம்மா நேராக அதனிடம் போனார். "வாங்கக்கா." மாமியார் வரவில்லை. "ஏட்டி, நீயாவது சொல்லு." குடைக் கைப்பிடியால் மாமியாரின் கையைக் கோத்து இழுத்து, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்காரவைத்தார். மகளைத் தோளில் வைத்துக்கொண்டு என் கணவர் கீழே நின்றார்.

ராட்டினம் கிளம்பியதும் மாமியார் கண்ணை மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்தார். "அய்யனாரே" என்றார். மேலே போகும்போது ஒரு சாமி, இறங்கும்போது ஒரு சாமி. நர்ஸம்மா சிரித்த சிரிப்பில் கீழே நின்றவர்களெல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். நானும் கத்திக்கொண்டே சிரித்தேன். பயமா சந்தோஷமா தெரியவில்லை.

ஆள் ஏற்றுவதற்காக ராட்டினம் நின்றபோது எங்கள் தொட்டில் உச்சியில் இருந்தது. அந்தி வெளிச்சம். ஊருக்கு அப்பால் நிலம் கரிசலும் செவக்காடுமாகத் திட்டுத்திட்டாகப் போய், திருச்சுழிப் பக்கம் மங்கிக்கொண்டிருந்தது. தறிச்சத்தம்கூட அவ்வளவு உயரத்தில் கேட்டது.

நர்ஸம்மா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு, "மாத்தல் ஆர்டர் வந்திருச்சுக்கா," என்றார். "திங்கக்கிழமை போகணும்."

மாமியார் கண்ணைத் திறந்தார். அவ்வளவு உயரத்தில், கீழே பார்க்காமல், நர்ஸம்மாவையே பார்த்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?"

"சர்க்காரு எங்கிட்டயே கேக்கலையே அக்கா."

ராட்டினம் அசைந்தது. மெல்ல மெல்ல இறங்கி, எங்கள் தொட்டில் தரைக்கு வந்து நின்றது. ராட்டினக்காரர் குறுக்குக்கம்பியை எடுக்கக் கை நீட்டினார். மாமியார் விடவில்லை. இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எறங்குங்கத்தா, அடுத்த ஆளு நிக்கிதுல்ல."

"எறங்க மாட்டேன்," என்றார் மாமியார். "இன்னொரு சுத்து விடு."

"பயமா இருக்குன்னு சாமி எல்லாத்தையும் கூப்பிட்டீகளே."

"அது போன சுத்து. நீ விடுப்பா."

ராட்டினக்காரர் நர்ஸம்மாவைப் பார்த்தார். நர்ஸம்மா எழுந்திருக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குடையை மடியில் கிடத்தி, மாமியாரை ஒட்டி இன்னும் நெருக்கமாக உட்கார்ந்தார்.

"விடுங்க அண்ணாச்சி," என்றார். "மெதுவா விடுங்க."